உன்னிடம் ஒரு மன்னிப்பு பாக்கி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு. எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இடது கண் அடுத்த மாதம். கட்டுப் பிரித்த அன்று, வெள்ளை இவ்வளவு வெள்ளையா என்று ஒரு காகிதத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் வாராந்தரக் கூட்டங்களில் நீ குறிப்பேட்டின் ஓரத்தில் கட்டமும் சுழியுமாகக் கிறுக்கிக்கொண்டிருப்பாய். நான் முழங்கையால் இடிப்பேன். "சின்னப் பிள்ளையா நீ?" என்று ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அந்தச் சின்னப் பிள்ளை வேலையைத்தான் இப்போது தினமும் இரண்டு மணி நேரம் நான் செய்துகொண்டிருக்கிறேன். நன்றாகச் சிரித்துக்கொள்.

ஆரம்பித்தது தொலைபேசியால். ஓய்வூதியக் கணக்கில் ஒரு குளறுபடி. காத்திருக்கச் சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் ஒரே இசையைப் போட்டார்கள். கையில் பேனா, எதிரில் ஒரு பழைய உறை. பேசி முடித்தபோது குளறுபடி அப்படியே இருந்தது, உறை மட்டும் நிறைந்திருந்தது. மீன் செதில் மாதிரி வரிசை வரிசையாக அரைவட்டங்கள். இத்தனை வருடத்தில் யாருக்கும் அனுப்ப வேண்டாத, யாரும் ஒப்புதல் தர வேண்டாத ஒன்றை நான் காகிதத்தில் போட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. கிழித்துப்போட மனம் வரவில்லை.

அப்புறம் விசாரித்துப் பார்த்தால், இதற்கென்றே 'ஜென்டாங்கிள்' என்று ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் என்ற இருவர் உருவாக்கியது. அந்த அம்மாள் எழுத்தணிக் கலைஞர். மூன்றரை அங்குலச் சதுர அட்டை. அதில் பென்சிலால் லேசாக வளைந்து ஓடும் ஒரு கோடு. அதை 'நூல்' என்கிறார்கள். நூல் பிரித்துக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு வடிவத்தால் பேனாவில் நிரப்ப வேண்டும். ரப்பர் கிடையாது. இதைத் தியானம் அளவுக்கு உயர்த்திப் பேசுகிறார்கள், எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. மனம் காலியாவதெல்லாம் இல்லை. இந்தக் கோடு பக்கத்துக் கோட்டைத் தொடாமல் போகுமா என்ற ஒரே கவலைதான் இருக்கிறது. மற்ற கவலைகள் வாசலில் காத்துக்கொண்டிருக்கின்றன.

எனக்குப் பிடித்தது பிறைநிலா வடிவம். துண்டின் ஓரத்தை ஒட்டி, கொஞ்சம் இடைவெளி விட்டு, சின்னச் சின்ன அரைவட்டங்கள் போட்டுக் கருப்பாக நிரப்பிவிடு. பிறகு ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கோடு. அதைச் சுற்றி இன்னொன்று. பக்கத்து அலையோடு முட்டுகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. நாலாவது சுற்றில் நடுவில் நீ போடாத ஒரு வடிவம் தானாகவே வந்து நிற்கும். அதைப் பார்க்கத்தான் நான் மறுபடி மறுபடி உட்காருகிறேன்.

முதல் பேனாவை ஒரே வாரத்தில் கெடுத்தேன். 0.25 மில்லிமீட்டர் கோடு போடும் நார்முனைப் பேனா அது. மூன்று பிரதிக்குக் கார்பன் வைத்து அழுத்தி அழுத்தி எழுதிய கை, சும்மா இருக்குமா? முனை நசுங்கி உள்ளே போய்விட்டது. காகிதத்தின்மேல் அதைத் தடவுவது போல நடத்த வேண்டும். வளைவு வரும்போது கையை முறுக்காமல் அட்டையைத் திருப்ப வேண்டும். இதைக் கற்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. விரல் நடுக்கம் நீண்ட நேர்கோட்டில் காட்டிக்கொடுக்கிறது, அரைவட்டத்தில் அவ்வளவாகத் தெரிவதில்லை. அதனால் நேர்கோடுகளை நைசாகத் தவிர்க்கிறேன்.

உனக்காக இரண்டு சாட்சிகள் பிடித்து வைத்திருக்கிறேன். ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித அறிஞர் 1963இல் ஒரு சலிப்பான உரையைக் கேட்டுக்கொண்டே, 1, 2, 3 என்று எண்களைச் சுருள் வடிவில் எழுதிப் பகா எண்களைக் குறித்துக்கொண்டிருந்தாராம். அவை மூலைவிட்டங்களில் வரிசைகட்டுவதைக் கண்டார். இன்றும் அதற்கு உலாம் சுருள் என்றே பெயர். இரண்டாவது, ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் 40 பேரை வைத்துச் செய்த ஆய்வு. 2009இல் வெளியானது. சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிப் பதிவைக் கேட்கும்போது கட்டங்களுக்கு நிழல் தீட்டிக்கொண்டிருந்தவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்களாம். சின்ன ஆய்வுதான். ஆனாலும் கூட்டம் முடிந்ததும் "என்ன முடிவாயிற்று?" என்று நான் உன்னிடம் வந்து கேட்டதெல்லாம் ஞாபகம் வருகிறது.

அந்தக் குறிப்பேடுகளை வைத்திருக்கிறாயா? ஓரங்களை மட்டும் படம் எடுத்து அனுப்பேன். உன் சுழிகள் உள்ளிருந்து வெளியே போகுமா, வெளியிலிருந்து உள்ளே வருமா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

இதனுடன் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். ஐந்து துண்டில் மூன்றை நான் நிரப்பிவிட்டேன். இரண்டு உன்னுடையது. பேனாவில் போடு. பென்சிலில் போட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உன் பக்கத்து நாற்காலிக்காரன்