ஐந்தா, ஆறா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் கேள்வி-பதில் பகுதியில் ஓமலூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய தம்பி சுற்றுலா விசாவில் அமெரிக்கா போய், தங்கும் கெடு முடிந்தும் 'ஐந்தாறு மாதமாக' அங்கேயே இருக்கிறாராம். அந்த நாட்டுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டாராம். இனி என்ன செய்வது என்று கேட்டிருந்தார். 'கவலை வேண்டாம், ஊருக்குத் திரும்பி வந்து மனைவி மூலம் முறைப்படி விண்ணப்பிக்கலாம்' என்று பதில் போட்டிருந்தீர்கள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதை மூன்று தடவை படித்தேன். ஐந்து மாதமா, ஆறு மாதமா என்று நீங்கள் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும் ஐயா.

நானும் அப்படி 'முறைப்படி' திரும்பி வந்தவள்தான். 2017-ல் போகி அன்று, அக்காவின் பிரசவத்துக்காக நியூஜெர்சி போய் இறங்கினேன். பாஸ்போர்ட்டில் பத்து வருட விசா, 2026 வரை தேதி போட்டுப் பளபளவென்று ஒட்டியிருந்தது. விமான நிலைய அதிகாரி வேறொரு பக்கத்தில் முத்திரை குத்தி, அதன் மேல் பேனாவால் ஏதோ எழுதிக் கொடுத்தார். அவருடைய கையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். அது ஜூலை 12, 2017 என்ற தேதி. விசாவில் இருக்கும் தேதி அந்த நாட்டு வாசலில் போய் நிற்பதற்குத்தான். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பது இந்தப் பேனாக் கிறுக்கலில் இருக்கிறது. இந்தக் கெடுத் தேதி உள்ள வருகைப் பதிவை ஐ-94 என்பார்கள். முன்பெல்லாம் வெள்ளைச் சீட்டாக பாஸ்போர்ட்டிலேயே பின் அடித்துக் கொடுப்பார்களாம். 2013-லிருந்து விமானத்தில் போகிறவர்களுக்குச் சீட்டு கிடையாது, இணையத்தில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். ஒரு கிராம் உதைத்தாலும் ராத்திரி உட்கார்ந்து தேடுவேன். தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை.

அக்காவுக்கு எட்டாம் மாதமே குழந்தை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியும் வீடுமாக நாள் ஓடியது. 2026 வரை விசா இருக்கிறதே என்ற தைரியம் வேறு. அப்புறம் மாமாவின் நண்பர் ஒருவரை, அங்கே குடியுரிமை வாங்கிய தமிழர், எனக்குப் பேசி முடித்தார்கள். 2018 மே மாதம் கல்யாணம். பதிவுக்காகப் பாஸ்போர்ட்டைப் புரட்டிய என் கணவர் கண்ணில்தான் அந்தக் கிறுக்கல் பட்டது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றே ஒரு குடியேற்ற வக்கீலைப் பார்த்திருக்க வேண்டும். பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சேலத்தில் அப்பா ஒரு விசா ஏஜெண்டைக் கேட்டார். "பொண்ணை வரச் சொல்லிடுங்க, இங்கேருந்து ஒழுங்கா அப்ளை பண்ணி அனுப்பிடலாம்" என்றார் அவர். சரி, ஜூன், ஜூலை அங்கே பள்ளி விடுமுறை, டிக்கெட் விலை எக்கச்சக்கம், ஆகஸ்டில் இறங்கும் என்று காத்திருந்தோம். ஆகஸ்டு 4 கிளம்பினேன். நானூறு டாலர் மிச்சம்.

கெடுவுக்கு மேல் நான் இருந்தது ஒரு வருடம் 23 நாள். 1996-ல் போட்ட ஒரு சட்டம் அங்கே இருக்கிறது. நடைமுறைக்கு வந்தது 1997 ஏப்ரல் முதல் தேதி, விளையாட்டு இல்லை. கெடு தாண்டி 180 நாள் வரை இருந்து கிளம்பினால் இந்தத் தடை இல்லை. 180-ஐத் தாண்டி, ஒரு வருடம் ஆவதற்குள் கிளம்பினால் 3 வருடம் உள்ளே வர முடியாது. ஒரு வருடம் நிறைந்துவிட்டால் 10 வருடம். டிக்கெட் விலை பார்க்காமல் ஜூலை முதல் வாரமே ஏறியிருந்தால் என் தடை 2021-லேயே தீர்ந்திருக்கும். இப்போது 2028 ஆகஸ்டு.

இதில் இன்னொரு கொடுமை, அந்தத் தடை அங்கே இருக்கிறவரை தலையில் விழாது, நாட்டை விட்டுக் கிளம்பும்போதுதான் விழும். ஒழுங்காக விசா வாங்கி உள்ளே போனவரைக் கட்டியவர் குடியுரிமை உள்ளவராக இருந்தால், அங்கிருந்தபடியே கிரீன் கார்டுக்கு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு, மனுப் போட வழி இருக்கிறது. கெடு தாண்டியதே அதற்குத் தடையாகாது. (கட்டியவரிடம் கிரீன் கார்டு மட்டும்தான் என்றால் இந்தச் சலுகை இல்லை.) எனக்கு இது தெரிந்தது மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், கணவர் மூலம் கேட்ட விசாவின் நேர்காணலுக்குப் பிறகு.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்து விடிவதற்குள் சேலம் ஜங்ஷனில் இறங்கினேன். ஆடி மாதம். கோட்டை மாரியம்மன் திருவிழா நேரம். புதுப்பெண் ஆடிக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள் என்று தெருவே நினைத்தது, அம்மாவும் அப்படியே விட்டுவிட்டார். ஆவணி பிறந்ததும் எப்போது மாப்பிள்ளை வருகிறார் என்று கேட்க ஆரம்பித்தார்கள். எட்டு ஆடி ஆகிவிட்டது, இப்போது யாரும் கேட்பதில்லை.

மும்பையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் கல்யாணத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒரு தாளில் இந்தத் தடைக்கான கட்டத்தில் டிக் போட்டு நீட்டினார். அதிலிருந்து விலக்கு கேட்டு மனு போடலாம் என்றார். அந்த மனுவில் என் கஷ்டத்தை எழுதிப் பயனில்லை, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவருக்கோ பெற்றோருக்கோ மிகக் கடுமையான கஷ்டம் என்று காட்ட வேண்டும். பிரிந்திருக்கும் வேதனை எல்லோருக்கும் பொது, அது மட்டும் போதாது என்றார் இப்போதைய வக்கீல். அதனால் என் கணவர் இரண்டு வருடமாகத் தன் கஷ்டத்துக்கு ரசீது சேர்க்கிறார். வீட்டுக்கடன் தாள், தூக்க மாத்திரைச் சீட்டு, அவருடன் இருக்கும் என் மாமியாரின் மருத்துவக் குறிப்பு. மாமியாருக்கு நான் இல்லாத சிரமம் நேராகக் கணக்கில் வராது, அது அவர் மகன் தலையில் எவ்வளவு ஏறுகிறது என்று எழுத வேண்டும். எங்கள் மகள் இங்கே பிறந்தவள், அப்பா வழியில் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள். அவள் ஏக்கமும் அப்படித்தான், நேரடியாகச் செல்லாது. அவள் நாளைக்கே விமானம் ஏறலாம், நான் வழியனுப்பலாம்.

இடையில் குறுக்கு வழி சொன்னவர்களும் உண்டு. விசாவில் 2026 வரை தேதி இருக்கிறதே, பேசாமல் டிக்கெட் போட்டு ஏறிவிடு என்றார் ஒருவர். கெடு தாண்டிய அன்றே அந்த விசா செத்துவிட்டது, பளபளப்பு மட்டும் போகவில்லை. கெடு தாண்டியதை மறைத்துப் புது விசா கேள் என்றார் இன்னொருவர். பொய் சொல்லி மாட்டினால் பத்து வருடக் கணக்கே கிடையாது, ஆயுசுக்கும் தடை.

கணவர் வருடத்துக்கு ஒரு முறை இரண்டு வார லீவில் வருகிறார். போன தடவை ஏற்காடு போனோம். கொண்டை ஊசி வளைவுகளை மகள் எண்ணிக்கொண்டே வந்தாள், பதினேழோடு தூங்கிப் போனாள். லேடிஸ் சீட்டில் இருட்டும் வரை நின்றோம். கீழே சேலம் முழுக்க விளக்கு. எழுந்த மகள், இதில் அப்பா வீடு எது என்றாள்.

ஓமலூர் வாசகரே, உங்கள் தம்பி முதலில் ஐ-94 தேதியைப் பார்க்கட்டும். மாதக் கணக்கு வேண்டாம், மறுநாளிலிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணட்டும். ஆறு மாதம் என்பது பெரும்பாலும் 180-க்கு மேல்தான் வரும். எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கிளம்புவதா அங்கேயே மனுப் போடுவதா என்று அந்த நாட்டில் உரிமம் உள்ள குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் இந்த வாரமே கேட்கட்டும். அதுவரை டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எடுத்துவிட்டாரென்றால், ரத்துக் கட்டணம் எவ்வளவானாலும் பார்க்க வேண்டாம்.

ஆசிரியர் ஐயா, இதை அடுத்த ஞாயிறு வரை வைத்திருக்காமல் முடிந்தால் நாளைக்கே போடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.