பழுப்பேறிய பாட்டில்

அன்பு மகள் அம்முவுக்கு,

நீ அனுப்பிய படத்தை நேற்று ராத்திரி மருந்துக் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். நீ முகத்தில் தடவும் வைட்டமின் சி சீரம் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. எக்ஸ்பைரிக்கு இன்னும் 7 மாதம் இருக்கிறதே என்று கேட்டிருந்தாய். அந்தத் தேதி மூடி திறக்காத பாட்டிலுக்கு. கொட்டிவிடு. 1,400 ரூபாய் போச்சே என்று அம்மா காலையிலிருந்து புலம்புகிறாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

காரணம் சொல்லாவிட்டால் மிச்சத்தை ராத்திரியில் தடவித் தீர்த்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

வாழைப்பூ ஆய்ந்ததும் அம்மா மோர்த் தண்ணீரில் போடுவாள் இல்லையா? வெளியே வைத்தால் அரை மணியில் கறுத்துவிடும். பூவுக்குள் இருக்கும் ஒரு நொதி காற்றின் ஆக்சிஜனைப் பிடித்துச் செய்கிற வேலை அது. மோரின் புளிப்பு அதன் கையைக் கட்டிப்போடுகிறது. நம் தோலில் கறுப்பு நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸும் அதற்குப் பங்காளி முறைதான்; இரண்டுக்கும் நடுவில் செம்பு அணு உட்கார்ந்திருக்கிறது. பரீட்சையில் இதை எழுதிப் பாஸான எனக்கு, அம்மாவின் மோர்ச் சட்டியோடு சேர்த்துப் பார்க்க இருபது வருஷம் ஆனது.

வேலை சைட்டில் நீ நிற்கும்போது வெயிலின் புற ஊதாக்கதிர் தோலுக்குள் போய் ஆக்சிஜனை வெறிபிடிக்க வைக்கிறது. அது கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும்: செல்லின் சவ்வு, தோலைத் தாங்கும் கொலாஜன் இழை, மரபணு. வைட்டமின் சி முன்னால் போய் நின்று அந்தக் கடியைத் தான் வாங்கிக்கொள்ளும். தான் கெட்டு மற்றதைக் காப்பதுதான் அதன் பிழைப்பே. உன் பாட்டிலில் இருந்தது காற்றோடும் வெளிச்சத்தோடும் மோதி அங்கேயே கெட்டாகிவிட்டது. இனி அதைத் தடவினால் தலையணை உறையில் ஆரஞ்சுக் கறை விழும், அவ்வளவுதான்.

இந்தச் சரக்கின் தலைவலி என்னவென்றால், தோலுக்குள் இறங்க வேண்டுமானால் அது நல்ல புளிப்பாக, பி.எச். என்கிற புளிப்புக் கணக்கில் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). அளவு 10 முதல் 20 சதவீதம். 30 சதவீதம் என்று போட்டிருந்தால் காசும் எரிச்சலும்தான் கூடும். 20-க்கு மேல் தோல் கூடுதலாக வாங்கிக்கொள்வதில்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் என்ற தோல் மருத்துவரின் குழு இதையெல்லாம் பன்றித் தோலில் அளந்து பார்த்தது. உள்ளே சேர்ந்தது பாதியாகக் குறைய ஏறக்குறைய 4 நாள் ஆனதாம். ஆகவே காலையில் ஒருமுறை போதும், மூன்று வேளை மருந்து மாதிரி வேண்டாம். 2005-ல் அதே குழு 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ கலவையோடு அரை சதவீத ஃபெருலிக் அமிலத்தைச் சேர்த்தபோது, வெயிலிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 4 மடங்கிலிருந்து 8 மடங்கானது. கலவை கெடுவதும் குறைந்தது. ஃபெருலிக் அமிலம் நம் அரிசித் தவிட்டில் நிறைய இருக்கிறது. உடனே தவிட்டைக் குழைத்து முகத்தில் அப்பிவிடாதே! எலுமிச்சம்பழத்தையும் தேய்க்காதே. அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரும், ஆறினாலும் தழும்பு கறுப்பாக மாதக்கணக்கில் நிற்கும்.

பழுதுபார்க்கிற வேலையும் இதற்கு உண்டு. கொலாஜன் இழைகளை முறுக்கிக் கட்ட வைட்டமின் சி வேண்டும். அந்தக் காலக் கப்பல்காரர்களுக்கு அது கிடைக்காமல் ஸ்கர்வி வந்தபோது, எப்போதோ ஆறிய காயம்கூடப் பிரிந்துகொள்ளுமாம். ஆனால் தடவுகிற சீரத்தில் பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். மெல்லிய கோடு மங்கும், நிறம் கொஞ்சம் சமனாகும். அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

உன் கன்னத்தில் இருப்பது வெறும் வெயில் கறுப்பாகத் தெரியவில்லை, திட்டாகப் படர்கிற மங்கு (மெலாஸ்மா) மாதிரி இருக்கிறது. தோல் டாக்டரிடம் ஒரு நடை காட்டு. அதற்கு முதல் மருந்து சன்ஸ்கிரீன், சீரம் அதற்குத் துணைதான். ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் நீளமாகப் பிதுக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவும் முகத்துக்கும் கழுத்துக்கும் போக வேண்டும். நீ பொட்டு வைக்கிற மாதிரி வைப்பாய். வியர்க்கிற வேலை, இரண்டு மணிக்கொருமுறை மறுபடி போடு. மங்குக்குக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் ஆகாது என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வருகிற சன்ஸ்கிரீனாக வாங்கு.

இன்னொன்று. மாவு மில் அக்காவை ஞாபகமிருக்கிறதா? அவர்களுக்கும் மங்குதான். மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்துவிட்டுப் போன மூன்று மருந்து கலந்த டியூபை, டாக்டர் சீட்டு கேட்காமல் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதில் ஸ்டீராய்டு இருந்தது. பத்து நாளில் முகம் பளிச்சென்றாகி, எனக்குக் கொழுக்கட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். அடுத்த டியூப், அதற்கடுத்தது என்று ஒரு வருஷம் போனது. பிறகு தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து சிவப்பு நரம்பு தெரிந்தது, தாடையில் முடி வந்தது. நிறுத்தினால் எரிந்தது. தடவுகிற ஸ்டீராய்டுகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அரசு இறுக்கிப் பிடித்தது 2018-ல். நான் கொடுத்தது அதற்கு முன்னால்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் டியூபின் மேல் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரிந்தவன் நான், அவர்கள் இல்லை. இன்றைக்கும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதனால் உன் ஹாஸ்டலில் யாராவது ஒரு வாரத்தில் வெளுக்கும் என்று டியூபை நீட்டினால் தொடாதே, லேபிளைப் படமெடுத்து எனக்கு அனுப்பு.

அடுத்த முறை 15 மில்லி பாட்டிலாக, அடர்நிறக் கண்ணாடியில் வாங்கு. கீசர் இருக்கிற பாத்ரூமில் வைக்காமல் ஃபிரிட்ஜில் வை.

பழைய பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதே. சோப்புப் போட்டு அலசி, ஊருக்கு வரும்போது எடுத்து வா. சொட்டு மூடியோடு இருப்பதால் அம்மாவுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஊற்றி வைக்க வேண்டுமாம்.

அப்பா