இடிந்தகரையில் கேட்ட கணக்கு

பாளையங்கோட்டை
2012 பிப்ரவரி

அன்பு மகள் செல்விக்கு,

போன வாரம் நான் இடிந்தகரைக்கு, கூடங்குளம் அணு உலையை எதிர்த்து நடக்கும் போராட்டப் பந்தலுக்குப் போய்விட்டு வந்தேன். அம்மா போனில் சொல்லியிருப்பாள், அவள் வாயில் எது நிற்கும்? தீபாவளிக்கு வந்தபோது நீ அங்கே போய்விட்டு இருட்டின பிறகு வீடு திரும்பியதும், "வேலைவெட்டி இல்லாதவங்க கூட்டத்துல உனக்கென்ன சோலி?" என்று நான் கத்தியதும் உனக்கு மறந்திருக்காது.

இங்கே ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் கரண்ட் இல்லை. உங்கள் சென்னையில் ஒரு மணி நேரம்தானாம், கொடுத்துவைத்தவர்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 26 வருஷம் வேலை பார்த்தவன் என்பதால், கரண்ட் போனால் தெருவே என்னைத்தான் பிடித்துக் கேட்கிறது. கூடங்குளத்தில் கட்டி வைத்த உலையை ஓட்டவிடாமல் உட்கார்ந்திருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம். நாலு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் காற்றாலைகள் சும்மா நின்றன. ஆடியில்தான் அவற்றுக்கு மவுசு.

லூர்து மாதா கோவில் முன்னால் பந்தல், கீழே மணல். போன செப்டம்பரில் 127 பேர் பன்னிரண்டு நாள் பட்டினி கிடந்த ஊர் இது. கோஷமும் கூச்சலுமாக இருக்கும் என்று நினைத்தேன். நான் போன மதிய நேரத்தில் மைக்கில் யாரும் இல்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரில் 127 பேர் பன்னிரண்டு நாள் பட்டினி கிடந்த ஊர் இது. இலையைக் கத்தரியால் நறுக்கி, தூளை வைத்து, விரல் நுனியில் ஓர் உருட்டு, நூலால் ஒரு சுற்று. பேச்சு ஓடுகிறது, கை நிற்கவில்லை. உண்ணாவிரதம் என்றாலும் கணக்குக்குப் பீடி கொடுத்தாக வேண்டுமாம். அந்தப் பந்தலில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தது நான் ஒருவன்தான்.

மின்நிலையத்தில் இருந்தவன் என்று சொன்னதும், சுனாமி காலனியிலிருந்து வந்த ஓர் அம்மா, "அப்ப உங்களுக்குத் தெரியுமே அண்ணாச்சி, அது எப்படித்தான் ஓடுது?" என்று கேட்டார். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. மணலில் விரலால் படம் போட்டேன். உலை தண்ணீரைச் சூடாக்கும், நீராவி டர்பைனைச் சுற்றும், அந்த நீராவியைக் குளிர்விக்கக் கடல் தண்ணீர் வரும். ஆயிரம் மெகாவாட் மின்சாரம் வேண்டுமென்றால் மூவாயிரம் மெகாவாட் வெப்பம் உண்டாக்க வேண்டும், அனல்மின் நிலையத்திலும் ஏறக்குறைய இதே கதைதான் என்றேன்.

"மிச்ச ரெண்டாயிரம்?"

"அது கடலுக்குப் போயிரும்."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அப்ப கரண்டுக்கு ஒரு பங்கு, கடலுக்கு ரெண்டு பங்கா?" என்றார். வீட்டுக்காரர் படகில் போகிறவர். பங்குக் கணக்கு அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தூத்துக்குடியில் நாங்களும் கடல் தண்ணீரைத்தான் எடுத்துச் சூடாகத் திருப்பி விட்டோம். அதை 'நஷ்டம்' என்று ஒரு கட்டத்தில் எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவோம். அந்தத் தண்ணீர் போய் விழும் இடம் வரை நான் ஒருநாளும் நடந்து பார்த்ததில்லை. அப்புறம் எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பார்கள் என்று கேட்டார்கள். முதலில் உலைப் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியில் என்றேன். அதற்குப் பிறகு என்று கேட்டார்கள். அந்தப் பாடம் நான் படித்ததில்லை.

உலையே வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. கரண்ட் வேண்டும், அதில் எனக்கு மாற்றுப் பேச்சு இல்லை. ஆனால் அன்றைக்கு உன்னிடம் நான் சொன்ன வார்த்தை தப்பு.

கிளம்பும்போது அந்த அம்மா நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் கொடுத்தார், காசு வாங்கவே இல்லை. உன் அம்மா பாதியை உனக்கென்று டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறாள். பங்குனியில் லீவு கிடைத்தால் வா, சேர்ந்து போகலாம். வள்ளியூரில் பஸ் மாறணும், உனக்குத் தெரிந்த வழிதானே.

அன்புடன்,
அப்பா