பதில் பொத்தான் வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே இருவரும் நலம். ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. மெல்போர்னில் குளிர் அதிகமாக இருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இனி எனக்கு எழுதும்போது பதில் பொத்தானை அழுத்தாதே, புதிய மெயிலாகத் தொடங்கு. அம்மாவுக்குத் தாளில்தான் படிக்க வேண்டும். ஜிமெயிலில் மேலே இருக்கும் பிரிண்டர் படத்தைத் தட்டினால், அந்தத் தொடரில் நாம் எழுதிக்கொண்டது முழுவதும் வந்து விழுகிறது. உன் மெயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டி அதை மட்டும் எடுத்தாலும், அடியில் மடங்கிக் கிடக்கும் என் பழைய கடிதம் விரிந்து கூடவே வருகிறது. போன வாரம் அப்படித்தான். "நலம் அப்பா, வேலை அதிகம், பிறகு எழுதுகிறேன்" என்று உன் வரி ஒன்று. அதன் கீழே இரண்டு தாளுக்கு நான் எழுதியது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதெல்லாம் நீங்கள் எழுதியது. அவள் எழுதியது எங்கே?" என்றாள்.

எதிர்வீட்டு வாத்தியார் ஒரு வழி சொன்னார். உன் வரிகளை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் பி-யும் அழுத்தினால், குரோமின் கூடுதல் அமைப்புகளில் தேர்ந்தெடுத்ததை மட்டும் அச்சிட ஒரு கட்டம் இருக்கிறது. தலைப்பு, அடிக்குறிப்புக்கான டிக்கை எடுத்துவிட்டால் தாளின் ஓரத்தில் தேதியும் அந்த நீள முகவரியும் வராது. ஜிமெயிலில் எழுத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழிதான் எனக்குத் தெரியவில்லை. அதனால் உன் வரிகளை லிப்ரே ஆபீஸில் ஒட்டி, எழுத்தளவை 18 ஆக்கி எடுக்கிறேன். இதைச் செய்தவர்களின் வீட்டில் தாளில் படிக்கிற அம்மா யாரும் இல்லை போலிருக்கிறது.

போன தீபாவளிக்கு நீ எழுதியதை அப்படி எடுத்தபோது நான்கு பக்கம் வந்தது. மாப்பிள்ளை சுட்ட அதிரசம் எண்ணெயில் உதிர்ந்துபோன கதையை, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அம்மா படித்துக் காட்டினாள். என் மகளின் தமிழைப் பாருங்கள் என்று நானும் வாத்தியாரிடம் நீட்டினேன். இப்போது வருவதை யாரிடம் நீட்டுவது? வேலை யாருக்குத்தான் இல்லை? சரி, உனக்கு நேரமில்லை, தெரிகிறது. எழுதும் இரண்டு வரியையாவது புதிய மெயிலாக எழுது.

எல்லாத் தாளையும் அம்மா ஓட்டை போட்டுப் பைலில் கோத்து வைத்திருக்கிறாள். மதியம் எடுத்து வரிசையாகப் படிப்பாள். பொங்கலுக்குப் பிறகு வந்த எதிலும் மாப்பிள்ளையின் பெயரே இல்லை என்று நேற்று சொன்னாள். "பிரிண்டில் விட்டுப்போயிருக்கும், நான் வெட்டி ஒட்டுவதில் சில வரி தவறிவிடுகிறது" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பைலை மூடிவிட்டாள்.

அம்மா படிக்க வேண்டாம் என்று நினைப்பது ஏதாவது இருந்தால் எனக்குத் தனியாக எழுது. அதை நான் பிரிண்ட் எடுக்க மாட்டேன். அதையும் புதிய மெயிலாகவே எழுது. பழையதோடு சேர்ந்துவிட்டால் என்றாவது ஒருநாள் தாளில் வந்துவிடும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு. பிரிண்டரில் கறுப்பு மை குறைந்திருக்கிறது, சனிக்கிழமை வாங்கிவிடுவேன். நீளமாகவே எழுதலாம்.

அன்புடன்,
அப்பா