பெண்கள் ஐக்கிய சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

ஐயர் அவர்களுக்கும் தலைவி அம்மாவுக்கும் சங்கத்துச் சகோதரிகள் எல்லாருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

மாதக் கூட்டங்கள், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து கால வீட்டு ஜெபங்கள், அறுப்பின் பண்டிகை ஏலம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஜூலை 9 அன்று வேன் வைத்துத் தரங்கம்பாடிக்குப் போய்வந்தோம். 1706-ல், டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் அங்கே கரையிறங்கிய நாள் அது. டேனிஷ் கோட்டைத் தலைவரே அவரை நாலு மாதம் சிறையில் போட்டார். வெளியே வந்தும் வேலையை விடவில்லை. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது, 1718-ல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையானது. மறு பிப்ரவரியில் 36 வயதில் காலமாகி, அந்த ஆலயத்திலேயே அடக்கமானார்.

கார்த்திகை மழையில் வாய்க்கால் உடைந்து, நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிர் மூழ்கிப்போனது. தண்ணீர் வடியுமுன்பே வீடு வீடாகப் போய் ஜெபித்தோம். குத்தகைக்குச் சாகுபடி செய்யும் ஒரு அக்கா வீட்டில் என்ன ஆறுதல் சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அவரே வேதத்தை எடுத்து ஆபகூக் மூன்றாம் அதிகாரம் வாசித்தார். ‘வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும்’ என்ற இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, ‘நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்’ வரைக்கும் வாசித்து முடித்தார். கிளம்பும்போது, சமைக்கும்போதெல்லாம் ஆலயத்துக்கென்று ஒரு பிடி எடுத்து வைக்கும் பிடியரிசி டப்பாவை நீட்டினார். உள்ளே ரேஷன் அரிசி. “இந்த மாசம் வேண்டாம் அக்கா” என்றோம். “உலை வைக்கிறப்பவே ஆண்டவருக்குன்னு எடுத்து வச்சாச்சு, திருப்பிக் கொட்ட முடியுமா?” என்று கையில் கொடுத்துவிட்டார்.

சகோதரிகள் ஒன்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குறுவை நன்றாக விளைந்த புரட்டாசியில் கூட்டத்துக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் இருக்க வேண்டியிருந்தது, சரி. பணம் கைக்கு வந்த பிறகும் ஸ்தோத்திர ஜெபம் வைத்த வீடுகள் ஒன்றிரண்டுதான். கஷ்டம் வந்தால் ராத்திரியிலும் ஆளனுப்பி ஜெபிக்கச் சொல்கிறோம். விசா வந்ததும், பிள்ளை பாஸானதும், ஆண்டவரை மெல்ல மறக்கிறோம். நல்ல காலத்தில்தான் விசுவாசம் அதிகம் நழுவுகிறது என்று எனக்குப் படுகிறது.

அதனால், துக்க வீட்டுக்குப் போவதுபோலவே அறுவடை முடிந்த வீட்டுக்கும், குழந்தை பிறந்த வீட்டுக்கும், புதுவீடு குடிபோன இடத்துக்கும் அழைப்பு வராமலே நாம் போய் ஸ்தோத்திர ஜெபம் நடத்துவதென்று செயற்குழு முடிவு செய்துள்ளது. தை அறுவடையிலிருந்து தொடங்குகிறோம். எந்தெந்தத் தெருவுக்கு யார் யார் என்ற பட்டியலை இன்று கூட்டம் முடிந்ததும் வாசிப்போம், இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

இவ்வறிக்கையைச் சங்கத்தின் அங்கீகாரத்துக்கு வைக்கிறேன்.

செயலாளர்