வேகப் படகு அப்புறம், முதலில் ஒரு டக் கட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ரிமோட் படகுகள் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு முழுப் பக்கம் கிடைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதில் சொல்லியிருந்த யோசனையோடு எனக்கு உடன்பாடில்லை. நல்ல வேகமாக ஓடும் ரேஸ் படகாகப் பார்த்து வாங்குங்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். முதல் படகு இழுவைப்படகாக இருக்கட்டும், அதாவது துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் துறை சேர்க்குமே, அந்த டக். அதையும் கடையில் வாங்காமல் நீங்களே கட்டுங்கள். இரண்டாவது, உயிர்காப்புப் படகு. வேகமெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரேஸ் படகைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சார்ஜ் போட்டுக் குளத்தில் விட்டால் சீறிக்கொண்டு நாலைந்து சுற்று வரும், பேட்டரி தீரும், அவ்வளவுதான். ஓடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை, அதனால் பையனுக்கோ பெண்ணுக்கோ இரண்டு மாதத்தில் அலுத்துவிடுகிறது. டக்குக்கு வேலை இருக்கிறது. கட்டி முடித்த பிறகுதான் அதன் வேலையே ஆரம்பிக்கிறது. நான் இருப்பது இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் நதி கடலில் சேரும் சவுத் ஷீல்ட்ஸில். ஆற்றில் நிஜ டக்குகள் போவதும் வருவதும் தினமும் கண்ணில் படும், பூங்கா ஏரியில் எங்கள் சின்ன டக்குகள் ஓடும். அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் எடைக் கணக்கு. நீளத்தை 40-ல் ஒரு பங்காக்கினால் எடையும் 40-ல் ஒரு பங்காகிவிடாது. 40 × 40 × 40 என்று பெருக்க வேண்டும், அதாவது 64,000-ல் ஒரு பங்கு. நிஜத்தில் 30 மீட்டர் நீளமும் 500 டன் எடையும் உள்ள துறைமுக டக் ஒன்றை 1:40 அளவில் செய்தால் நீளம் 75 சென்டிமீட்டர், எடை கிட்டத்தட்ட 8 கிலோ வரும். புதிதாகக் கட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. ஒட்டுப்பலகை கொஞ்சம் தடிமனாகிவிட்டதா, ரெசின் என்ற இறுகும் பிசின் கூடுதலாக ஊற்றிவிட்டோமா, கவலையே வேண்டாம், எப்படியும் உள்ளே எடை போட்டுத்தான் ஆக வேண்டும். வீட்டு யுபிஎஸ்ஸுக்குள் இருக்குமே 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, அது 2 கிலோவுக்கு மேல் இருக்கும். மோட்டாரை ஓட்டும் சக்தியும் அதுவே, அடியில் கிடக்கும் எடையும் அதுவே.

இந்த எடையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் படகின் உயிர் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட்டு, நீர்க்கோடு, அதாவது படகு எதுவரை மூழ்க வேண்டும் என்று உடலில் குறித்த கோடு, தண்ணீரைத் தொடும் வரை ஈயத்துண்டுகளை அடித்தளத்தில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வர வேண்டும். அப்புறம் ஒரு பக்கத்து விளிம்பை விரலால் அழுத்தி, சட்டென்று விட்டுப் பாருங்கள். வெடுக்கென்று துள்ளி நிமிர்ந்தால் எடை ரொம்பக் கீழே இருக்கிறது, சின்ன அலைக்கும் படகு படபடவென்று ஆடும். யோசித்து யோசித்து மெதுவாக எழுந்தால் எடை மேலே ஏறிவிட்டது, அது ஆபத்து. இரண்டுக்கும் நடுவே, நிதானமாக ஆனால் தயங்காமல் நிமிரும் ஓர் இடம் இருக்கிறது. ஈயத்தைப் பசை போட்டு ஒட்டுவதற்கு முன் அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழுச் சாயங்காலம் போனாலும் தப்பில்லை. கப்பல் கட்டுமானக் கல்லூரியில் நிலைத்தன்மை என்று பாடம் நடத்துவதைப் பத்து வயதுப் பிள்ளை தன் விரல் நுனியில் உணர்ந்துகொள்ளும்.

மோட்டார் விஷயத்திலும் அவசரக்காரர்களுக்கு டக் ஒத்துவராது. சின்ன புரொப்பெல்லரை வேகமாகச் சுற்றுவது ரேஸ் படகு. பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றுவது டக். 6, 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள நாலு இதழ் புரொப்பெல்லர், அதைச் சுற்ற நிதானமாக ஓடும் மோட்டார் அல்லது கியர் வைத்த மோட்டார். இங்கே பழைய கைகள் காரின் ஹீட்டர் ஃபேன் மோட்டாரைக் கழற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அருமையாக இழுக்கும். புரொப்பெல்லரைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், கோர்ட் நாசில் என்பார்கள், மெதுவான வேகத்தில் இழுவிசையைக் கூட்டுவதற்காக வைப்பது. இரண்டு புரொப்பெல்லர் வைத்து ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் ஓட்டினால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். இன்னும் ஆர்வம் இருப்பவர்களுக்கு வாய்த் ஷ்னைடர் இருக்கிறது: அடியில் செங்குத்தாகத் தொங்கும் இதழ்கள் வட்டமாகச் சுழலும், அவற்றின் கோணத்தை மாற்றியே எந்தத் திசைக்கும் தள்ளலாம், சுக்கானே வேண்டாம். எர்ன்ஸ்ட் ஷ்னைடர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் 1920-களில் கண்டுபிடித்தது. ஜெர்மனியின் கிராப்னர் நிறுவனம் அதையே மாடலுக்கென்று சின்னதாகச் செய்து விற்றது. முதல் படகுக்கு அது தேவையில்லை.

சரி, எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது? இதற்கும் கணக்கு இருக்கிறது. கப்பல் மாடல்களைத் தண்ணீரில் இழுத்துப் பார்த்து நிஜக் கப்பலின் நடத்தையைக் கணிக்கலாம் என்று வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் நிரூபித்தார், 1872-ல் இங்கிலாந்தின் டார்கீ என்ற ஊரில் அதற்கென்றே ஒரு நீளமான தொட்டி கட்டினார். அவர் விதிப்படி வேகம், அளவின் வர்க்கமூலத்தால் குறையும். நிஜ டக் 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்) போனால் 1:40 மாடல் 2 நாட்டுக்கும் சற்றுக் குறைவாகப் போக வேண்டும், அது நாம் காலாற நடப்பதைவிட மெதுவான வேகம். அந்த வேகத்தில் போனால்தான் முன்னால் எழும் அலை, நிஜ டக்கின் மீசை போலவே ஒழுங்காக நிற்கும். கொஞ்சம் கூட்டினாலும் அலை முகப்பை மூடிவிடும், பார்த்தவுடனே இது மாடல் என்று தெரிந்துவிடும். மெதுவாக ஓட்டுவதற்குத்தான் பழக்கம் அதிகம் வேண்டும் என்பது என் அனுபவம்.

இப்போது இழுக்கும் வேலை. மோட்டாரே இல்லாத பெரிய சரக்குக் கப்பல் மாடல் ஒன்றை ஏரி நடுவில் நிறுத்திவிட்டு, முன்னால் ஒரு டக், பின்னால் ஒரு டக் கட்டி, மிதவைகளுக்கு நடுவே கொண்டுபோய்ப் பலகையால் அமைத்த துறையில் இடிக்காமல் சேர்க்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு ரிமோட்டோடு கரையில் நின்று பேசிக்கொண்டே செய்வார்கள். கப்பலுக்குப் பிரேக் கிடையாது, முன்னால் இருப்பவர் இழுத்துவிட்ட வேகத்தைப் பின்னால் இருப்பவர்தான் பிடித்து நிறுத்த வேண்டும். கயிறு தொய்ந்து பின் விறைக்கும்போது வெடுக்கென்று ஓர் இழுப்பு வரும், அதைத் தாங்க நடுவில் சின்னதாக ஒரு ரப்பர் துண்டைச் சேர்த்துக் கட்டுவோம். இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அது படகின் பின்முனையில் இருக்காது. நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், புரொப்பெல்லருக்கு முன்னால் இருக்கும். பின்முனையில் கட்டினால் கயிறு விறைத்ததும் படகின் வால் நகர மாட்டேன் என்கிறது, சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை.

கொக்கி நடுவில் இருப்பதால் இன்னொரு ஆபத்தும் வருகிறது. கப்பல் டக்கை மீறி வேகமெடுத்து, கயிறு பக்கவாட்டுக்கு வந்துவிட்டால், கப்பலே டக்கைப் பக்கமாக இழுத்துக் கவிழ்த்துவிடும். நிஜத்தில் டக் மாலுமிகளைக் கொல்வது இதுதான். 2007 டிசம்பர் 19 அன்று ஸ்காட்லாந்தின் கிளைட் நதியில், கடும் மூடுபனியில், ரெட் ஜாஸ்மின் என்ற கப்பலை இழுத்துக்கொண்டிருந்த ஃபிளையிங் ஃபாண்டம் என்ற டக் இப்படித்தான் கவிழ்ந்தது, மூன்று பேர் இறந்தார்கள். அதனால் எங்கள் மாடல் கொக்கியிலும் செர்வோ என்ற, ரிமோட் சொன்னபடி அசையும் ஒரு சின்ன மோட்டார் இருக்கும், ரிமோட்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால் கயிறு விடுபடும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் கற்றுக்கொடுப்பது அந்த சுவிட்சைத்தான்.

உயிர்காப்புப் படகு என்றால் கப்பலின் பக்கவாட்டில் தொங்குமே, அதைச் சொல்லவில்லை. புயலில் கரையிலிருந்து புறப்பட்டுப் போய் ஆட்களை மீட்டு வரும் படகு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதை நடத்துவது 1824-ல் வில்லியம் ஹில்லரி முன்னின்று தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. (ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன்) அமைப்பு. பெரும்பாலும் மக்கள் தரும் நன்கொடையில்தான் ஓடுகிறது, படகேறுபவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். நான் வசிக்கும் ஊருக்கு இதில் பழைய பங்கு உண்டு. 1789-ல் டைன் முகத்துவாரத்தில் அட்வென்சர் என்ற கப்பல் தரைதட்டி, கரையில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாலுமிகள் செத்துப்போனார்கள், எந்தப் படகாலும் நெருங்க முடியவில்லை. நல்ல மீட்புப் படகுக்கான வடிவம் தருபவருக்கு 2 கினி (பழைய ஆங்கிலத் தங்க நாணயம்) பரிசு என்று ஊர்ப் பெரியவர்கள் அறிவித்தார்கள். வில்லியம் உட்ஹேவ் என்பவர் தகரத்தில் ஒரு மாடல் செய்து கொண்டுவந்தார், கவிழ்த்துப் போட்டால் அதுவாக நிமிர்ந்துகொண்டது. அவருக்குப் பாதிப் பரிசுதான் தருவோம் என்றார்கள், அவர் வாங்க மறுத்துவிட்டார். ஹென்றி கிரேட்ஹெட் கட்டிய படகு 1790-ல் கடலில் இறங்கியது. உட்ஹேவின் அந்தத் தகர மாடல் இன்றும் எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாடல் படகு செய்வதெல்லாம் வேலையற்றவர்கள் செய்வது என்று யாராவது சொன்னால் அவரை அங்கே கூட்டிப்போக எனக்கு ஆசை.

கட்டுகிறவருக்கு உயிர்காப்புப் படகில் எடைக் கணக்கு அப்படியே தலைகீழ். ஆர்.என்.எல்.ஐ.யின் செவர்ன் வகைப் படகு 17 மீட்டருக்கு மேல் நீளம், 40 டன்னுக்கு மேல் எடை, 25 நாட் வேகம். 1:12-ல் செய்தால் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடையோ 24 கிலோ, ஏரிக்குத் தூக்கிப்போக ஆள் வேண்டும். 1:24-ல் செய்தால் 72 சென்டிமீட்டர், ஏறக்குறைய 3 கிலோதான், மோட்டார், பேட்டரி, பெயின்ட், கம்பிவேலி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். டக்கில் மன்னித்துவிட்ட ஒவ்வொரு கிராமும் இங்கே கணக்குக் கேட்கும், முக்கியமாகக் கூரைக்கு மேலே வைக்கும் ஆரஞ்சு நிறக் கூண்டும் ரேடார் கம்பமும். தானாக நிமிர்வதற்கு இரண்டு விஷயம் வேண்டும், மேலே காற்றடைத்த மூடிய அறை, கீழே நகராத எடை. கதவு ஓரம் கசிந்தாலோ பேட்டரி கட்டு அவிழ்ந்து கூரையில் விழுந்தாலோ நிமிராது. நிஜப் படகைக் கிரேனில் பட்டை போட்டு உருட்டிச் சோதிப்பார்கள், நாங்கள் கயிறு சுற்றிக் கையால் உருட்டுவோம்.

தானாக நிமிராத படகுகளையும் மதித்துக் கட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். இங்கிலாந்தின் தென்மேற்கில், கார்ன்வாலில், பென்லீ உயிர்காப்பு நிலையத்தின் சாலமன் பிரவுன், 1960-ல் கட்டிய 47 அடி மரப்படகு. 1981 டிசம்பர் 19 இரவு யூனியன் ஸ்டார் கப்பல் எஞ்சின் நின்று பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது, நூர்ட் ஹாலந்து என்ற டச்சு டக் பக்கத்தில் வந்தும் அந்தக் கடலில் கயிறு கொடுக்க முடியவில்லை. மவுசல் கிராமத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் சாலமன் பிரவுனில் போனார்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டோம் என்று ரேடியோவில் சொன்னார்கள், மீதிப் பேரை எடுக்கத் திரும்பவும் கப்பலை நெருங்கினார்கள். அதன்பின் பதில் இல்லை. இரண்டிலும் இருந்த 16 பேரும் போய்விட்டார்கள். அந்தப் படகை மாடலாகக் கட்டி ஏரியில் விடும்போது பக்கத்தில் நிற்பவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் இதெல்லாம் எங்கே முடியும் என்று கேட்பவர்களுக்கு: வெளிநாட்டுக் கிட் தேவையே இல்லை. தூத்துக்குடியிலிருந்து நாகப்பட்டினம் வரை மீனவர் ஊர்களில் ஃபைபர் படகு செய்கிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடி இழை மேட் விரித்து ரெசின் பூசுவது, அச்சிலிருந்து பிசிறில்லாமல் கழற்றுவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. ஒரு டக்கின் உடலுக்கு அவர்களிடம் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளே போதும். பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஓர் அண்ணாச்சியிடம் பேசி இரண்டு நாள் வகுப்பு எடுக்கச் சொன்னால் பிள்ளைகள் ஓடி வருவார்கள். ஓட்டுவதற்கு ஆகாயத்தாமரை இல்லாத நன்னீர்க் குளம் வேண்டும், உப்புத்தண்ணீர் எலக்ட்ரானிக்ஸைக் கெடுக்கும்.

இரண்டு எச்சரிக்கை, உங்கள் பக்கத்தில் விட்டுப்போனவை. லித்தியம் பாலிமர் பேட்டரியை ஆள் இல்லாத வீட்டில் சார்ஜ் போடாதீர்கள், உப்பியதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். தீப்பிடிக்கும். அடுத்தது, படகு குளத்து நடுவில் நின்றுபோனால் எந்தப் பிள்ளையும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அதற்குத்தான் குழுவில் ஒரு டக் எப்போதும் சார்ஜோடு கரையில் இருக்க வேண்டும். மிதக்கும் கயிற்றில் பெரிய சுருக்குப் போட்டு இழுத்துக்கொண்டு, நின்றுபோன படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கயிறு எங்காவது மாட்டும், அப்படியே மெதுவாகக் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

பக்கத்தை எழுதியவர் அடுத்த பகுதி எழுதும்போது ரேஸ் படகுகளின் விலைப்பட்டியலுக்குப் பதிலாக ஒரு டக்கின் உடலைத் தாங்கும் சட்டகங்களின் வரைபடத்தைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1:40 அளவில் நானே வரைந்த ஒன்று இருக்கிறது. ஒட்டுப்பலகையில் இழைவாளால் அறுக்கிற மாதிரி எளிமையானது. கேட்டால் உங்கள் பக்க அளவுக்குச் சுருக்கி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சவுத் ஷீல்ட்ஸ், இங்கிலாந்து