வேலைக்கான ஆயத்தம் இறுதியாண்டு வரை காத்திருக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டதாரிகளிடம் வேலைக்குரிய திறன் இல்லை என்று நிறுவனங்களும், பாடத்தை நடத்தி முடிக்கவே நேரம் போதவில்லை என்று பல்கலைக்கழகங்களும் மாறிமாறிக் குறைகூறி வருகின்றன. மாணவருக்கு உதவ வேண்டிய வேலைவாய்ப்பு மையம் அவரை எப்போது முதன்முதலாகச் சந்திக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பல இடங்களில் அந்தச் சந்திப்பு இறுதியாண்டில், வளாக நேர்காணலுக்குச் சில வாரங்கள் முன்னதாகத்தான் நிகழ்கிறது. அந்த அவகாசத்தில் கற்றுத்தர முடிவதெல்லாம் உடை, உட்காரும் விதம், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு மனப்பாடமாக ஒரு விடை ஆகியவையே.

நேர்காணல் குழுக்களில் பங்கேற்று வருபவன் என்ற முறையில் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். 'கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றும் திறன் உடையவர்' என்ற வரி தன்விவரக் குறிப்புகளில் எழுத்துப் பிசகாமல் திரும்பத் திரும்ப வருகிறது. ப்ராஜெக்ட் என்ற தலைப்பின்கீழ், நான்கைந்து பேர் சேர்ந்து உருவாக்கிய நூலக மென்பொருள் ஒன்றின் பெயர் இருக்கும். 'இதில் நீங்கள் செய்த பகுதி எது?' என்று கேட்டால், அந்த மென்பொருள் என்னென்ன செய்யும் என்று மாணவர் விளக்கத் தொடங்குவார். மறுபடியும் கேட்டால் தடுமாறுவார். அவர் ஒன்றும் செய்யாதவர் அல்லர். பொறுமையாக விசாரித்தால், ஒரே நூல் இரண்டு எண்களில் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்து, அந்தப் பதிவுகளையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர் அவரே என்பது தெரியவரும். குறிப்பில் இருந்திருக்க வேண்டிய வரி அதுதான். தான் செய்த வேலையைத் தன் வாயால் எடுத்துச் சொல்லிப் பழக, படித்த காலம் முழுவதும் அவருக்கு ஒரு வாய்ப்புகூடத் தரப்படவில்லை.

இதற்குத் தனிப் பயிற்சி நிறுவனமோ கட்டணமோ தேவையில்லை. முதல் பருவத்திலிருந்தே ஒவ்வொரு செய்முறைப் பணியின் முடிவிலும், தன் பங்கு என்ன, எங்கே சிக்கல் வந்தது, அதை எப்படித் தீர்த்தார் என்று மாணவர் அரைப் பக்கம் எழுதித் தரட்டும். பாட ஆசிரியர் அதைப் படித்து இரண்டு கேள்விகள் கேட்கட்டும். பாடத்தையும் வேலையையும் இணைப்பது புதிய யோசனையும் அன்று. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-இலேயே பொறியியல் மாணவர்களை வகுப்பறைக்கும் தொழிற்கூடத்துக்கும் மாறிமாறி அனுப்பும் முறையைத் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் அதே முறையைக் கொண்டே பொறியியல் கல்வியைத் தொடங்கியது. சான்றிதழுக்காக மட்டும் பெயரளவில் முடிக்கப்படும் இன்டர்ன்ஷிப்புகளை இவற்றோடு ஒப்பிடவே முடியாது.

அறிமுகங்களும் முக்கியம். வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர்கள் வழியாகவே அதிகம் வந்து சேர்கிறது என்பதைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியான தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுகிறவருக்கு அத்தகைய அறிமுகக்காரர்கள் எங்கிருந்து கிடைப்பார்கள்? முன்னாள் மாணவர்களை ஆண்டு விழா மேடையில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், அவர்கள் செய்யும் வேலை அன்றாடம் எப்படிப்பட்டது என்று முதலாண்டு மாணவர்களுடன் உட்கார்ந்து பேசவைப்பது மையத்தின் கடமையாக வேண்டும்.

வளாக நேர்காணலுக்கு நிறுவனங்கள் தேடி வராத துறைகளில் படிப்போர் நிலை இன்னும் மோசம். வரலாறும் தத்துவமும் விலங்கியலும் படிப்பவருக்கு வேலைவாய்ப்பு மையம் இருக்கும் கட்டடமே தெரியாது. மையத்தின் வெற்றி பணி நியமனங்களின் எண்ணிக்கையால் மட்டுமே அளக்கப்படும்போது, எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர் மீதே கவனம் குவிவது இயல்பு. ஆகவே, வேலை பெற்றோரின் படங்களைச் சேர்க்கை விளம்பரத்தில் வெளியிடும் நிர்வாகங்கள், வளாக நேர்காணலில் பங்கேற்கவே வாய்ப்பில்லாதிருந்தவர் எத்தனை பேர், முதலாண்டிலேயே ஆலோசனை பெற்றவர் எத்தனை பேர் என்பதையும் துறைவாரியாக, அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்